கணக்கு நோட்டில் ஒரு பெயர்: தவக்கால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

காலைப் பூசைக்குக் காரைக்குடி கோயிலுக்குப் போனேன். போன வருஷத்துக் குருத்தோலையைச் சுட்ட சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு, அப்படியே ஆத்தங்குடி பஸ் பிடித்துப் பட்டறைக்கு வந்தேன். எதிர் வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னத்தா, இன்னைக்கு நீயும் திருநீறு பூசியிருக்கே?"

"எங்களுக்குத் திருநீற்றுப் புதன் ஆச்சி. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் இன்னைக்கு ஆரம்பம். இன்னைக்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். நாற்பது நாளும் கறி மீன் தொடமாட்டேன்."

"நல்லது. உடம்பைப் பார்த்துக்க" என்றார்கள். இந்த ஊரில் விரதம் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எந்தச் சாமிக்கு என்றுகூடக் கேட்பதில்லை.

கறியை விடுவது எனக்குப் பெரிய காரியமில்லை. இந்த வருஷம் விட வேண்டியது வேறு. பட்டறையில் என் வீட்டுக்காரர் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடுகிறார், கணக்கு என் பொறுப்பு. நோட்டில் ஒரு கான்ட்ராக்டரின் பெயர் இருக்கிறது. போன ஆகஸ்டில் தேவகோட்டையில் ஒரு வீட்டு வேலைக்குக் கல் எடுத்தார். பாக்கி ரூ. 42,000. அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'ஏமாத்துக்காரன்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அழுத்தி எழுதியதில் அடுத்த இரண்டு பக்கத்திலும் அந்தத் தடம் விழுந்திருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்ததை நினைத்துச் சொல்லும் செபம். முடிந்ததும் கஞ்சி ஊற்றினார்கள். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 12, புதன்

இயேசு சொல்லித்தந்த செபமான பரலோக மந்திரத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ. 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற இடத்தில் இன்று நாக்கு நின்றுவிட்டது. 'பொறுப்பது போல' என்றால், நான் பொறுக்கிற அளவுக்குத்தான் எனக்கும் என்று ஆகிறதே!

என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பம். அவர்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பதுபோல 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று சொல்வார்கள். முன்பெல்லாம் அவர்கள் செபம் ஏதோ வட்டிக்கடைப் பேச்சு மாதிரி என் காதில் விழும். இப்போது அதுதான் நேராக வந்து தைக்கிறது. பேரேட்டிலும் வட்டியிலும் பேர் வாங்கிய செட்டிநாட்டுச் சீமை இது. கடன் என்றால் என்னவென்று இங்கே பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் செபத்தில் இருக்கிற 'பொறு' என்ற சொல்லும் லேசானதில்லை. மன்னிப்பதும் பொறுப்பதுதான், பாரம் சுமப்பதும் பொறுப்பதுதான். மன்னித்துவிட்டேன் என்று சொன்னாலும் பாரம் உடனே இறங்கிவிடுவதில்லை. அதையும் சேர்த்துத்தான் அந்த ஒரே சொல் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 15, சனி

சம்பள நாள். நாலு பேருக்குக் கொடுத்ததும் பெட்டி காலி. அந்தக் கோபத்தில் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "கல்லு உதிருதுன்னு அப்பவே சொன்னேன்ல அக்கா, நீங்க வந்தே பார்க்கலையே" என்றார். பணம் கொடுக்காமல் இருக்க இது ஒரு சாக்கு என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். இரவு செபமாலை சொல்லி முடித்தபோது, எத்தனையாவது மணியில் மனசு எங்கே போனது என்றே தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கோயிலிலிருந்து வேன் வைத்து ஓரியூர் போய் வந்தோம். ஜான் டி பிரிட்டோ என்கிற புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். 1693 பிப்ரவரி 4. அங்கே மண் சிவப்பு. ஆளாளுக்கு ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்தேன்.

லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். ஒரு தடவை பிடித்துச் சித்திரவதை செய்து, இனி மறவர் சீமைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி விட்ட பிறகும் திரும்பி வந்தார். இதெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இன்று என் மனம் போனது வேறொருத்தி பக்கம். மறவர் இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்குவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் போய் முறையிட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவளைக் கெட்டவளாகவே கேட்டு வளர்ந்தோம். ஆனால் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரே நாளில் வெளியேறியவள் வேறு என்ன செய்வாள்? புனிதர் மேல் எனக்குள்ள பக்தி இதனால் ஒரு துளியும் குறையவில்லை. அவளுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சொல்லப்போனால், முன்னூறு வருஷமாக அவள் தரப்பை யாரும் போய்க் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் பாடினார்கள். எனக்குக் காதில் ஒலித்தது "நீங்க வந்தே பார்க்கலையே".

மார்ச் 30, ஞாயிறு

ஊதாரி மகன் நற்செய்தி. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு அப்பா விருந்து வைக்கிற கதை. எனக்கு எப்போதும் மூத்தவன் மேல்தான் பரிவு. இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லை என்கிறானே, அவன் கணக்கு நோட்டு வைத்திருக்கிறவன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

புது வருஷக் கணக்கு. புது நோட்டில் பழைய பாக்கிகளை எடுத்து எழுதினேன். கான்ட்ராக்டரின் பெயர் வந்தது. பெயரையும் தொகையையும் மட்டும் எழுதினேன். அந்தச் சொல்லை எழுதவில்லை.

ஏப்ரல் 5, சனி

தேவகோட்டைக்குப் போய்ப் பார்த்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் கல் எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துடைத்த கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு கலரை என் வீட்டுக்காரர் கரண்டியால் ஊற்றுவார். பிறகு அச்சை நடுங்காமல் மேலே தூக்க வேண்டும். கலர்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும், கலக்காது. அதன்மேல் சிமெண்டும் மணலும் உலர்வாகத் தூவி, கலவை வைத்து மட்டம் தட்டுவார். பூவின் முகம் கண்ணாடியை ஒட்டிக் கீழே இருக்கும். காய்ந்த பிறகு கல் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊற வேண்டும். அந்த நாட்களில்தான் கல்லுக்குப் பலம் ஏறுகிறது. அதற்குப் பதிலாக எதையும் செய்ய முடியாது.

ஆகஸ்டில் அவசரம் என்று, இரண்டாம் நாளே தொட்டியிலிருந்து எடுக்கச் சொன்னது நான். அவர் வேண்டாம் என்றார். லாரி நிற்கிறது, எடுங்கள் என்றேன்.

அந்த வீட்டின் முகப்பை அடுத்த அறையில், ஜன்னல் ஓரமாக எண்ணிப் பார்த்தேன். 80 கல். ஓரம் பொடிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் சிவப்புத் தூள் வருகிறது. ஓரியூர் மண்ணின் அதே நிறம்.

ஏப்ரல் 10, வியாழன்

கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த மனிதரை ஏழு மாதமாகத் திருடன் என்று நினைத்ததையும், ஊரில் நாலு பேரிடம் சொன்னதையும் சொன்னேன். பணத்தை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். அதில் நாலு பேர் கூலி இருக்கிறதே, சாமி. "பணத்தைக் கேளுங்கம்மா. அது நியாயம். கெட்டுப்போன கல்லுக்கு என்ன செய்யப்போறீங்க, அதை முதல்ல சொல்லுங்க. அந்த நாலு பேர்கிட்டயும் போய்ச் சொல்லிடுங்க" என்றார். அபராதமாக ஒரே ஒரு பரலோக மந்திரம்தான், நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னார்.

நாலில் மூன்று பேரிடம் இன்றே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கான்ட்ராக்டரிடம் பேசினேன். "தப்பு எங்க மேலயும் இருக்கு. 80 கல்லு புதுசாப் போட்டுத் தர்றோம், காசு வேண்டாம். மத்த பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க" என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரிக்கா" என்றார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி வழிபாடு. சிலுவையை முத்தம் செய்யும் வரிசையில், நான் இன்னும் சொல்லாமல் விட்ட அந்த நாலாவது ஆள் எனக்கு முன்னால் நின்றிருந்தார். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று உயிர்ப்புப் பெருவிழா, ஈஸ்டர். மட்டன் குழம்பு வைத்தேன். எதிர் வீட்டு ஆச்சிக்கு வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று மத்தியானம் போப் பிரான்சிஸ் காலமான செய்தி வந்தது. நேற்றுத்தான் மாடத்தில் வந்து ஆசீர் கொடுத்ததை டிவியில் பார்த்தோம். 2013-இல் பதவிக்கு வந்த புதிதில், மன்னிப்பதில் கடவுள் சோர்வதில்லை, கேட்பதில் நாம்தான் சோர்ந்துபோகிறோம் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. பட்டறையில் வேலையை நிறுத்தி, அவருக்காக எல்லோரும் செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம்.

சாயங்காலம் போனில் பணம் வந்தது. வரவு ரூ. 5,000. மீதி ரூ. 37,000. எழுதிவிட்டேன்.

புதுக் கல் 80-ம் இன்று தொட்டியில் இறங்கியிருக்கிறது. இந்தத் தடவை எப்போது எடுப்பது என்று என் வீட்டுக்காரர் சொல்லட்டும். நான் வாய் திறக்கமாட்டேன்.