ரீகாவுல பொறந்தவர் ஊர் ஊரா போய் கேட்ட ஹால்

லாட்வியா தலைநகர் ரீகாவுக்குப் போற டூரிஸ்ட் முக்கால்வாசி பேரு ஆல்பெர்ட்டா தெருவுல நின்னு கழுத்து வலிக்க நிமிந்து பாத்து பழைய பில்டிங்க போட்டோ எடுத்துட்டு, சாயங்காலம் கறுப்பா கஷாயம் மாதிரி பால்சம்னு ஒரு மூலிகைச் சாராயம் விக்கிறாங்க அத ஒரு ஷாட் அடிச்சிட்டு கிளம்பிடுவாங்க. நானும் ரெண்டையும் பண்ணேன், இல்லன்னு சொல்லல. ஆனா நான் அங்க போனதுக்கு உண்மையான காரணம் ரீகாவுல பொறந்த மாரிஸ் யான்சன்ஸ், ஆர்கெஸ்ட்ராவ முன்னாடி நின்னு நடத்துற கண்டக்டர். பல வருஷமா ராத்திரி வேலை முடிஞ்சு ஹெட்ஃபோன்ல கேக்கறது அவர் ஆஸ்லோ ஆர்கெஸ்ட்ராவோட பண்ண சைக்கோவ்ஸ்கி சிம்ஃபனிகளத்தான், அந்த மனுஷன் எந்த ஊர்லருந்து வந்தார்னு பாக்கணும்னு ஒரு ஆச.

நவம்பர் கடைசியில போனா ரீகாவுல நாலு மணிக்கே இருட்டிடுது. பழைய டவுன் ஓரத்துல ஒரு கால்வாய், கரையில பார்க், அதுக்கு நடுவுல வெள்ளையா தூண் வச்ச நேஷனல் ஓபரா. 1863ல ஜெர்மன் தியேட்டரா கட்டுனது, நடுவுல தீப்பிடிச்சு எரிஞ்சு 1887ல திரும்ப எழுப்புனாங்க. மாரிஸ் வளந்தது ஒருவிதத்துல இதுக்குள்ளதான். அப்பா ஆர்வீட்ஸ் யான்சன்ஸ் இங்க மொதல்ல வயலின், அப்பறம் கண்டக்டர். அம்மா இராய்டா இதே ஓபராவுல பாடகி. ரெண்டு பேரும் வேலைக்கு வந்துட்டா பையன பாத்துக்க வீட்ல ஆள் இல்ல, அதனால தினமும் ரிகர்சல்லயே கெடந்திருக்கான். வீட்டுக்குப் போனா பட்டன், பென்சில்னு கைக்கு கெடைச்சத வரிசையா வச்சு ஆர்கெஸ்ட்ராவாக்கி நடத்துவானாம். நான் போன அன்னிக்கு பாலே, பால்கனியில கம்மி விலை சீட்டு. பாலேய விட எனக்கு மேடைக்கு முன்னாடி ஆர்கெஸ்ட்ரா உக்கார்ற பள்ளத்துல, அதான் பிட்டுக்குள்ள, தெரிஞ்ச வயலின்காரங்க தலையைத்தான் பாக்கத் தோணுச்சு.

மறுநாள் காலைல சென்ட்ரல் மார்க்கெட் போனேன். செப்பலின் ஆகாயக் கப்பல் நிறுத்துற ஷெட்ட கொண்டுவந்து மார்க்கெட்டாக்கியிருக்காங்க, உள்ள புகைபோட்ட மீனும் கறுப்பு ரொட்டியும் வாங்கி நின்னுட்டே தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு. அங்கருந்து கொஞ்ச தூரம் நடந்தா மாஸ்கோ புறநகர்னு சொல்ற ஏரியா, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல நாஜிங்க யூதர்கள அடைச்சு வச்ச கெட்டோ இருந்த எடம். கோகோல் தெருவுல பெரிய யூதக் கோயிலோட அடித்தளம் மட்டும் நிக்குது, 1941 ஜூலை 4ல உள்ள ஆளுங்களோட சேத்து எரிச்சிருக்காங்க. அதே வருஷம் நவம்பர் 30லயும் டிசம்பர் 8லயும் கெட்டோவுலருந்து ரும்புலா காட்டுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போய் சுட்டவங்க கிட்டத்தட்ட 25,000 பேர். மாரிஸோட அம்மா இராய்டா யூதர். அவங்க அப்பாவும் கூடப்பொறந்த ஒருத்தரும் இந்தக் கெட்டோவுல கொல்லப்பட்டாங்க, அவங்கள மட்டும் எப்படியோ வெளிய கடத்தி ஒளிச்சு வச்சாங்க, அப்படி ஒளிஞ்சிருந்தப்ப 1943 ஜனவரி 14ல பொறந்த கொழந்ததான் மாரிஸ். இத படிச்சுத் தெரிஞ்சு வச்சிருந்தாலும் அந்தத் தெருவுல மரவீடுங்களுக்கு நடுவுல நடக்கறப்ப வேற மாதிரி இருந்துச்சு, அதுக்கு மேல எழுத வரல.

அப்பறம் இந்தக் கத ரீகாவ விட்டுப் போயிடுது. 1946ல ஒரு போட்டியில அப்பா ரெண்டாம் பரிசு வாங்க, லெனின்கிராட் ஃபில்ஹார்மானிக்ல தலைமை கண்டக்டர் முராவின்ஸ்கி அவர உதவி கண்டக்டரா எடுத்துக்கிட்டார், பத்து வருஷம் கழிச்சு 1956ல குடும்பமும் அங்க போச்சு. பதிமூணு வயசுப் பையன், ரஷ்ய மொழிய அங்க போய்தான் ஒழுங்கா கத்துக்கணும், கிளாஸ்ல பின்தங்கக்கூடாதுன்னு வெறியா படிச்சிருக்கார். 1969ல வியன்னா போய் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி கிட்ட பாடம், நம்ம சுபின் மேத்தாவுக்கும் இவர்தான் வாத்தியார். பெர்லின் ஃபில்ஹார்மானிக் நடத்திட்டிருந்த கரயான் மாரிஸப் பாத்துட்டு பெர்லின்ல எனக்கு உதவியா வான்னு கூப்புட்டிருக்கார், ஆனா சோவியத் ஆளுங்க விடல, அந்த அழைப்பே இவர் காதுக்குப் போகல. 1971ல கரயான் பேர்ல நடந்த போட்டியில ரெண்டாம் பரிசு, ரெண்டு வருஷத்துல அப்பா இருந்த அதே லெனின்கிராட் ஆர்கெஸ்ட்ராவுல வேலை. இன்னிக்கு இருக்கற கண்டக்டருங்க இருபத்தஞ்சு வயசுல ஏஜென்ட் வச்சு உலகம் சுத்துறாங்க, இந்தாளு முப்பத்தஞ்சு தாண்டி 1979ல ஆஸ்லோ ஃபில்ஹார்மானிக் கெடைக்கிற வரைக்கும் வெளிய பெருசா தெரியவே இல்ல. ஆஸ்லோவையும் அப்ப யாரும் பெரிய ஆர்கெஸ்ட்ரான்னு சொல்ல மாட்டாங்க. எண்பதுகள்ல சைக்கோவ்ஸ்கி ரெக்கார்டிங் வெளிய வந்தப்பறம்தான் உலகம் திரும்பிப் பாத்துச்சு.

அந்த ஆஸ்லோவுலதான் எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயமே ஆரம்பிக்குது, ஹால் சண்ட. 1977ல தெறந்த கான்செர்ட் ஹால் ஒன்னு அங்க இருக்கு, சத்தம் சரியா வராது. செல்லோ, டபுள் பாஸ் மாதிரி கீழ் ஸ்தாயி வாத்தியங்களோட கனம் ரசிகன் காதுக்கு வந்து சேரலன்னா ஆர்கெஸ்ட்ரா தன்னையறியாம அழுத்தி வாசிக்க ஆரம்பிச்சிடும், நாளாக ஆக அவங்க டோனே கெட்டுப்போயிடும், கண்டக்டர் என்னதான் ரிகர்சல் பண்ணாலும் அது திருந்தாது. சரிபண்ணுங்கன்னு கேட்டுக்கேட்டுப் பாத்தார், நகர நிர்வாகத்தோட ஒத்துவரல, 2000த்துல ராஜினாமா. இருபது வருஷத்துக்கு மேல வளத்த ஆர்கெஸ்ட்ரா அது. நடுவுல 1996ல ஆஸ்லோவுல ‘லா போயம்’ ஓபராவோட கடைசிப் பக்கங்கள நடத்திட்டிருக்கறப்ப மாரடைப்பு வந்து சரிஞ்சார், விழுந்தப்பறமும் கை தாளம் போட்டுட்டே இருந்துச்சுன்னு சொல்வாங்க. அப்பாவும் 1984ல மான்செஸ்டர்ல ஹாலே ஆர்கெஸ்ட்ராவோட வேலை பண்ணிட்டிருந்தப்பதான் மாரடைப்புல போனார். மகனுக்கு நெஞ்சுல டிஃபிப்ரிலேட்டர், அதான் இதயத்துடிப்பு தப்புனா ஷாக் குடுத்து சரிபண்ற கருவி, வச்சாங்க, அதோட இருபது வருஷத்துக்கும் மேல ஓடினார்.

2003ல மியூனிக்ல பவேரியன் ரேடியோ சிம்ஃபனி, 2004ல ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ், ஒரே நேரத்துல ரெண்டு பெரிய ஆர்கெஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாம்ல 1888ல தெறந்த ஹால், உலகத்துலயே சத்தத்துக்கு பேர் போன மூணு நாலு ஹால்ல ஒன்னு. ஒரு வாரம் அங்க நின்னுட்டு மறு வாரம் மியூனிக் வந்தா எப்படி இருந்திருக்கும்? மியூனிக் ஆர்கெஸ்ட்ராவுக்கு சொந்தமா ஹாலே கெடையாது. அதனால போற எடத்துலல்லாம் அரசியல்வாதிங்கள விடாம புடிச்சு ஹால் கேட்டார். 2013ல சீமென்ஸ் இசைப் பரிசு 2,50,000 யூரோ வந்தப்ப அதையும் ஹாலுக்கே தர்றேன்னுட்டார். 2015ல ஆம்ஸ்டர்டாம விட்டார், நல்ல ஹால் இருந்தத விட்டுட்டு இல்லாத ஊர வச்சுக்கிட்டார். எனக்கு இது இன்னிக்கும் ஆச்சரியம். பவேரிய அரசு ஒருவழியா எடமெல்லாம் முடிவு பண்ணுச்சு, அவர் போனப்பறம் 2022ல யோசிக்க டைம் வேணும்னு முதல்வர் நிறுத்தி வச்சார். கடைசிக் கச்சேரி 2019 நவம்பர் 8, நியூயார்க் கார்னெகி ஹால்ல பிராம்ஸ் நாலாவது சிம்ஃபனி, நிக்கவே முடியாம நின்னு நடத்தினார். நவம்பர் 30 ராத்திரிக்கும் டிசம்பர் 1 விடியலுக்கும் நடுவுல பீட்டர்ஸ்பர்க் (பழைய லெனின்கிராட்) வீட்ல போயிட்டார்.

இதெல்லாம் தெரிஞ்சிட்டு ரீகாவுல லாட்விய நேஷனல் சிம்ஃபனி கச்சேரிக்கு கிரேட் கில்ட் போனேன் பாருங்க. பழைய வியாபாரிகள் சங்கக் கட்டடம், மேல வளைவும் கண்ணாடி ஓவியமுமா பாக்க அவ்ளோ அழகு, ஆனா ஆயிரம் பேர் கூட உக்கார முடியாது, ட்ராம்போன் மூணும் சேந்து ஏத்துனப்ப எல்லாம் ஒன்னா கொழம்பிப் போச்சு. பெரிய சிம்ஃபனிக்குன்னே கட்டுன ஹால் தலைநகர்ல இல்ல! ரேசெக்னேல இருக்கு, வென்ட்ஸ்பில்ஸ்ல இருக்கு, சின்னச் சின்ன ஊருங்க. ரீகாவுல பேச்சுவார்த்தை மட்டும்தான். பக்கத்துலயே ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் பேர்ல ஒரு தெரு, 1837லருந்து ரெண்டு வருஷம் அங்க தியேட்டர்ல வேலை பாத்துட்டு கடன்காரங்களுக்குப் பயந்து கப்பல்ல தப்பி ஓடினார். இருட்டா, பிட்டு தாழ்வா இருந்த அந்த ரீகா தியேட்டர் ஞாபகத்துலதான் பின்னாடி ஜெர்மனியில பைராய்ட்ல தன்னோட தியேட்டர அப்படிக் கட்டினார்ங்கறாங்க. ஹால் ஆசைய ஏத்திவிட்டு ஆளுங்கள வெளியூருக்கு அனுப்புற ஊர் போல.

இப்ப கொடிய தூக்கிட்டுப் போறவர் ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ், 1978ல ரீகாவுலயே பொறந்தவர், அஞ்சு வயசுல ஓபராவுல வாக்னரோட ‘டான்ஹாய்சர்’ பாத்துட்டு கண்டக்டர் ஆவேன்னு முடிவு பண்ணவர். ஓபரா ஆர்கெஸ்ட்ராவுல ட்ரம்பெட் வாசிச்சிட்டிருந்தார். ஆஸ்லோ ஆர்கெஸ்ட்ரா ரீகா வந்தப்ப ட்ரம்பெட் ஆளுக்கு உடம்பு சரியில்லன்னு இவரக் கூப்புட, அப்படித்தான் யான்சன்ஸ் பழக்கம், அப்பறம் சிஷ்யர். கண்டக்டரா மொதல்ல ரீகா ஓபரா, அப்பறம் பர்மிங்ஹாம், 2014ல பாஸ்டன், 2018ல லைப்சிக் ஆர்கெஸ்ட்ராங்க. குரு போயி ஒரு மாசத்துல 2020 வியன்னா நியூ இயர் கச்சேரி இவர்து, அதுல ஒரு துண்டுக்கு கையில இருந்த பேட்டன் குச்சிய வச்சிட்டு ட்ரம்பெட்ட எடுத்து ஊதினார், யூட்யூப்ல பாருங்க, சிரிச்ச முகமா இருப்பார். பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900ல தெறந்தது, உலகத்துல மூணே மூணு சொல்லுன்னா அதுல ஒன்னு. இவருக்கு ஹால் சண்ட போட வேண்டியே வரல.

கடைசியா பஸ் புடிச்சு லியெபாயா போனேன், ஆர்வீட்ஸ் பொறந்த ஊர், ரீகாவுலருந்து மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். கடலோரத்துல காத்து ஆளத் தூக்குது. அங்க 2015ல தெறந்த ‘பெரிய ஆம்பர்’ ஹால், பேருக்கு ஏத்த மாதிரி வெளியெல்லாம் ஆரஞ்சுக் கண்ணாடி, உள்ள ஆயிரம் சீட்டு, டபுள் பாஸ் மெதுவா வாசிச்சது கூட கடைசி வரிசையில எனக்கு வந்து சேந்துச்சு. போறதா இருந்தா அன்னிக்கு கச்சேரி இருக்கான்னு பாத்துட்டு டிக்கெட்ட முன்னாடியே எடுத்துடுங்க, முடிஞ்சப்பறம் ரீகாவுக்கு பஸ் கெடைக்கறது கஷ்டம், அங்கயே ரூம் போட்டுக்கறது நல்லது.