காரைதீவுக் கண்ணகை அம்மன்: கல்யாணக்கால் முதல் எட்டாம் சடங்கு வரை

வைகாசி பிறந்தால் கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுக்கக் கண்ணகை அம்மனின் காலம். தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு, கல்முனை, கல்லாறு, எருவில், மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, வந்தாறுமூலை என்று ஊருக்கு ஊர் அம்மனின் கதவு திறக்கும். இவற்றில் பல கோயில்கள் சடங்கு முடிந்ததும் அடுத்த வைகாசி வரை பூட்டியே கிடக்கும். அதனால் பயணத்துக்கு முன் நாள் பார்ப்பதுதான் முதல் வேலை. வைகாசிப் பூரணையை அண்டித்தான் சடங்கு வரும். ஆங்கில மாதத்தில் மே கடைசியிலோ ஜூன் நடுப்பகுதிக்குள்ளோ விழும், ஆண்டுதோறும் மாறும்.

காரைதீவுக்குப் போவது எளிது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ் எல்லாம் சாய்ந்தமருதைத் தாண்டியதும் காரைதீவுச் சந்தியில் நிற்கும். அம்பாறையிலிருந்து வருவோர் சம்மாந்துறை வழியாக இதே சந்திக்கு வந்து சேரலாம். அங்கிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். கோயிலுக்குப் பக்கத்தில்தான் 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த வீடு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து பழந்தமிழ் இசையை மீட்டெடுத்து 1947இல் யாழ் நூலைத் தந்தவர், கண்ணகையின் வாசலிலே வளர்ந்த பிள்ளை. கும்பிட வருகிறவர்கள் அந்த வீட்டையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கே இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த வழிபாடு இத்தீவில் தமிழருக்குக் கண்ணகையாகவும் சிங்களவருக்குப் பத்தினித் தெய்வமாகவும் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கடுமையாக மறுத்த பிறகு, யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கிழக்கிலோ பெயரும் மாறவில்லை, சடங்கும் மாறவில்லை. ஆகமத்துக்குள் அடங்காத இந்த முறையைக் கட்டிக்காத்தது இந்த ஊர்ச் சனங்களின் பெரும் புண்ணியம்.

காரைதீவில் சடங்கு ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கும். கடலுக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து வந்து கல்யாணக்கால் நடுவார்கள். கண்ணகைக்கும் கோவலனுக்கும் நடக்கும் கல்யாணம் அது. பெண்கள் குரவையிட, கால் நடப்பட்டதும் ஊர் அம்மனின் கட்டுக்குள் வந்துவிடும். மச்சம் மாமிசம் வீட்டுக்குள் வராது, துடக்கு (தீட்டு) உள்ளவர்கள் கோயிற்பக்கம் போக மாட்டார்கள். நேர்த்தி வைத்த பெண்கள் வீடுவீடாக மடிப்பிச்சை எடுத்து அந்த அரிசியைக் கோயிலில் சேர்ப்பார்கள். வெளியூரிலிருந்து போகிறவர்களும் அந்த வாரம் மரக்கறியோடு இருப்பதே முறை.

இந்த நாள்களில்தான் அம்மனின் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை என்ற நூல் பாடப்படும். பலர் கடைசி இரவுக்கு மட்டும் வந்து இதைத் தவறவிடுகிறார்கள். சிலப்பதிகாரம் தெரிந்தவர்களுக்கும் இதில் புதுக்கதை உண்டு. கண்ணகை இங்கே மனித வயிற்றில் பிறக்கவில்லை. பாண்டியனின் நாட்டில் மாங்கனியாகத் தோன்றி, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையில் சேர்கிறாள். அவள் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் என்ற கப்பல் தலைவன் இலங்கைக் கடலுக்கு வந்து வெடியரசனோடு போரிடுகிறான். இதைச் சொல்லும் கடலோட்டு காதை முழுவதும் நம் கடலின் கதை. ஒரு மாலையாவது உட்கார்ந்து கேட்டால்தான் திங்கள் இரவு நடப்பது எதற்காக என்று நெஞ்சில் ஏறும்.

அடுத்த திங்கட்கிழமை நெல்லுக் குற்றி, விநாயகப் பானை எழுந்தருளப் பண்ணி, பொங்கல் வைப்பார்கள். நேர்த்திப் பொங்கல் வைக்க நினைப்பவர்களுக்கு ஓர் அளவு: பச்சையரிசி 1 கிலோ, வறுத்துக் கோது நீக்கிய பயறு 250 கிராம், சர்க்கரை 750 கிராம், தேங்காய் 2. பானை 6 லீற்றருக்குக் குறையக் கூடாது. பொங்கி வழிய இடம் வேண்டும். புது மண்பானையை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவிட வேண்டும். காய்ந்த பானை நெருப்புப் பட்டதும் வெடிக்கும். வைகாசியில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடற்பக்கமாக அள்ளி வீசும். சுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் அடிப்பிடித்து மறுபக்கம் வேகாமல் நிற்கும். அடுப்புக்கு மேற்கே மறைப்பு வைத்தால் தப்பலாம். தேங்காயின் இரண்டாம் பாலும் தண்ணீரும் பொங்கியதும் அரிசியையும் பயற்றையும் போட்டு, சோறு விரலில் மசியும்வரை பொறுக்க வேண்டும். முந்திச் சர்க்கரை போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, எவ்வளவு விறகு வைத்தாலும் சரி. முதற்பால் கடைசியில், விட்டபின் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும்.

திருக்குளிர்த்தி செவ்வாய் விடியமுன்னர் நடக்கும். மதுரையை எரித்த கோபம் தணியாமல் வந்தவளை ஆயர் சேரியில் பாலும் வெண்ணெயும் கொண்டு ஆற்றினார்கள். அதே ஆற்றுதலைத்தான் கோயில் செய்கிறது. வேப்பிலையும் நீருமாக, குளிர்த்திப் பாடலோடு, அம்மனைக் குளிரப் பண்ணுவார்கள். கச்சான் வெக்கையில் கொப்பளிப்பான், சின்னமுத்து என்ற அம்மை நோய்கள் பரவும் காலமும் இதுதான். அம்மன் குளிர்ந்தால் ஊரும் குளிரும் என்பது இங்குள்ளவர்களின் அசையாத நம்பிக்கை.

குளிர்த்திக்கு முந்திய திங்கள் இரவு நெரிசல் கடுமையாக இருக்கும். இருள முன்னரே வந்து இடம் பிடித்தால்தான் பாடல் காதில் விழும்; நள்ளிரவுக்குப் பின் வருகிறவர்கள் வீதியிலேயே நிற்க வேண்டிவரும். ஆண்களுக்கு வேட்டி, மேற்சட்டை கழற்ற வேண்டும். மணலில் இருக்க ஒரு பாய் அல்லது துணி, குடிதண்ணீர், தீர்த்தம் கொண்டுபோக மூடியுள்ள சிறு போத்தல் போதும். உருவேறி ஆடுவோரைப் படம் பிடிப்பது தகாது.

கைக்குழந்தையோடும் முதியவரோடும் வருகிறவர்களுக்கு அந்த இரவைவிட எட்டாம் சடங்கே நல்லது. குளிர்த்தி முடிந்து ஒரு வாரத்தில் வரும். கூட்டம் குறைவு, வாசலில் நின்று அம்மனை ஆறுதலாகக் கண்ணாரக் காணலாம், நேர்த்தியையும் அன்று தீர்த்துவிடலாம்.