சீனாய் மலையடியில் ஒரு கிரேக்க மடம்

எருசலேம் யாத்திரை போகிற நம்மவர்களில் பலர் எகிப்து வழியாகத்தான் போகிறார்கள். சூயஸ் கால்வாய்க்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையைத் தாண்டி சீனாய்ப் பக்கம் ஏறியதும் எங்கள் பஸ்ஸில் பைபிளின் யாத்திராகமம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மோசே, பார்வோன், எரிந்தும் கருகாத முட்செடி என்று மனசெல்லாம் இஸ்ரவேலர் கதைதான். ஆனால் மலையடிவாரத்தில் அந்த முட்செடியைக் காத்து வருவது கிரேக்கத் துறவிகள்.

மலையேற்றம் நள்ளிரவுக்கு மேல் தொடங்கியது. பெதுவின் என்கிற பாலைவன அரபு இனத்து வழிகாட்டி டார்ச்சோடு முன்னால் போனார். ஒட்டகத்தில் வந்தாலும் கடைசி 750 படிகளை நடந்தே ஏறவேண்டும், குளிர் வேறு. 2,285 மீட்டர் உயரத்தில், 1934-ல் கட்டிய சின்ன ஆலயமும் அதன் அருகே ஒரு மசூதியும். விடிந்ததும் ஒரு கீர்த்தனை பாடினோம். மோசே ஏறியது இந்த மலைதானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பதினாறு நூற்றாண்டுக்கு மேல் மனிதர்கள் ஜெபித்த இடம். எனக்கு அது போதும்.

அந்தத் துறவிகளின் புனித கேத்தரின் மடத்தைக் கட்டுவித்தவர் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி, 6-ஆம் நூற்றாண்டில். ஆலயத்தின் கூரை உத்திரத்தில் அவர் பெயரும் அவர் மனைவி தியோடோராவின் பெயரும் கிரேக்கத்தில் செதுக்கியிருக்கிறதாம். வாசல் மண்டபத்துக்கு அப்பால் நம்மை விடுவதில்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்தேன்: தூபவாசனை, தொங்கும் வெள்ளி விளக்குகள், ஐகான்கள் என்னும் புனிதர் ஓவியங்கள் நிறைந்த மரத்தடுப்பு. இயேசு ஒளிமயமாக மாறிய மறுரூபமலைக் காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற மொசைக் ஓவியத்தைத் தடுப்பு முக்கால்வாசி மறைத்துவிட்டது. பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. எரியும் முட்செடியின் முன் மோசே செய்ததுபோலவே, அங்கே நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். நம்மூரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

முட்செடியை வெளியிலேயே எல்லாரும் பார்க்கலாம். கல்சுவரின் மேலிருந்து பச்சைக் கொடியாக வழிகிறது. நாவல்பழ மரம்போல் ஒரு மரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிள்ளியெடுக்க எட்டாத உயரம்.

அந்தச் சுவருக்குக் கீழே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. மோசேயின் ஆகமங்கள் முதன்முதலில் கிரேக்கத்துக்குப் போனதே எகிப்தில்தான். அலெக்சாந்தர் நிறுவிய அலெக்சாந்திரியாவில், தாலமி அரசர் காலத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர்கள் செய்த வேலை அது. அதே கிரேக்க வேதத்தின் 4-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி இந்த மடத்தில்தான் இருந்தது. இப்போது அதன் பெரும்பகுதி லண்டனில். எடுத்துப் போனவர்கள் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

மடத்தைச் சுற்றி வாழ்கிற ஜபலியா பெதுவின்கள், ஜஸ்டினியன் காவலுக்கு அனுப்பிய வீரர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்று முஸ்லிம்கள், இன்றும் மடத்து வேலைகளைப் பார்க்கிறார்கள். மணிக்கூண்டுக்கு எதிரே, மதிலுக்கு உள்ளேயே, எகிப்தை ஆண்ட பாத்திமியர் காலத்து மசூதி ஒன்று நிற்கிறது. நபிகள் தந்ததாக மடம் போற்றும் பாதுகாப்புப் பத்திரத்தின் நகலில் கையெழுத்துக்குப் பதில் உள்ளங்கைத் தடம்.

உறவு என்றால் உரசலும் உண்டு. 2025 மே மாதம் எகிப்திய நீதிமன்றம் ஒன்று, மடத்து நிலம் அரசுக்குச் சொந்தம், துறவிகளுக்கு அனுபவிக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் பெரிய கொந்தளிப்பு. பிறகு இரு அரசுகளும் உட்கார்ந்து பேசின. பஸ்ஸில் இதைப்பற்றி நாங்களும் காரசாரமாக வாதாடினோம், நம் ஊர்க் கோயில் நில வழக்குகளெல்லாம் நடுவில் வந்து போயின.

மடத்துக்குப் பெயர் தந்த கேத்தரினும் அலெக்சாந்திரியாப் பெண்தான். படித்தவள், விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தவள். தேவதூதர்கள் அவள் உடலை இந்த மலைக்குச் சுமந்து வந்தார்கள் என்பது மரபு. அவளுடைய திருப்பண்டத்தை, அதாவது உடலின் எச்சத்தை, வணங்குகிறவர்களுக்குத் துறவிகள் ஒரு மோதிரம் தருவது வழக்கம். அது இருக்கும் பேழை திறக்கிற நேரம் நாங்கள் அங்கே இல்லை. சில நாட்களில் பார்வையாளருக்கு மூடல், மற்ற நாட்களிலும் காலையில் சில மணிநேரம்தான் என்பதால், திட்டம் போடும்போதே ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவிலிருந்த அத்தை ஒருவர் வாசல் கடையில் ஒரு மோதிரத்தைப் பேரம் பேசி வாங்கி, பாஸ்டரிடம் நீட்டி, "இதுக்கும் ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார்.