67ஐ 76 என்று எழுதினால் மூன்று சாயங்காலம் போகும்

2^67 − 1ஐ ஒரு பக்கமும், அதன் இரண்டு காரணிகளின் பெருக்கலை இன்னொரு பக்கமும் கையாலேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஒருவழியாக இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. 147573952589676412927. கால்குலேட்டரைத் தொடவே இல்லை.

1903இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் என்ற கணிதவியலாளர் செய்த அதே பெருக்கல்தான். 17ஆம் நூற்றாண்டில் மெர்சென் என்ற கணிதவியலாளர், பகா எண் என்று பட்டியலில் போட்ட 2^67 − 1ஐ, 193707721 × 761838257287 என்று பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார் என்பார்கள். பலகையில் எழுதி, அதுவும் தப்பில்லாமல்! அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை கூடியதே இந்த வாரம்தான்.

இடது பக்கம் சுலபம். சதுரங்கக் கட்ட நெல்மணிக் கதையில் வரும் 2^64 மனப்பாடம், 18446744073709551616. அதை 8ஆல் பெருக்கி 1 கழித்தால் முடிந்தது.

வலது பக்கம்தான் உயிரை வாங்கியது. பெரிய காரணிக்கு 2, 3, 7, 9 மடங்குகளை முதலில் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, இடம் தள்ளித் தள்ளி எட்டு வரி போட்டுக் கூட்டினேன். வந்தது 147573953499576412927. கடைசி 8 இலக்கம் சரி, தொடக்கமும் சரி, நடுவில் மட்டும் ஓட்டை. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு எண்ணுக்கும் 109! இலக்கக் கூட்டல் ஒத்தால் 9ஆல் வகுத்த மீதியும் ஒக்கும்; அப்படி 9ஐ வைத்துச் சரிபார்ப்பதை நம்பி, கூட்டலில்தான் கையிருப்பு விட்டுப்போச்சு என்று இரண்டு சாயங்காலம் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று கூட்டிக்கொண்டே இருந்தேன். கூட்டலில் ஒரு தப்பும் இல்லை.

மூன்றாம் நாள் 11ஆல் வகுத்து மீதியைப் பார்த்தேன். மீதி 6 வர வேண்டும், 8 வந்தது. அப்புறம் வரி வரியாகப் போனால், 7ஆம் மடங்கு மாட்டியது. 5332867801009 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5332876801009. 2இன் அடுக்கும் 67, நான் புரட்டிப் போட்டதும் 67. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் 9க்குத் தெரியவே தெரியாது, 11 பிடித்துவிடும். தெரிந்த விஷயம்தான், செய்யத்தான் சோம்பல்.

எரிச்சல் என்னவென்றால், விடை என் கண்ணெதிரிலேயே இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 909900000000. 9ஆல் வகுத்தால் 101100000000. அந்த 1011ஐப் பாருங்கள், சின்னக் காரணியின் நடுவில் 7077 இருக்கிறது! 7 வரும் இடமெல்லாம் 1, சுழி வரும் இடத்தில் சுழி. தப்பான வரியை மூன்று தடவை பார்த்து எழுதியதற்குத் தடயம் அப்படியே பதிந்து கிடந்திருக்கிறது. முதல் நாளே கழித்துப் பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

நோட்டு பற்றி ஒரு புலம்பல். பள்ளிக்கூடக் கட்டம் போட்ட நோட்டில் 21 இலக்கம் அகலத்துக்குப் பிடிக்காது, படுக்கப்போட்டுத்தான் எழுதினேன். சின்னக் கட்டம் கேட்டால் கடைக்காரர் கிராஃப் தாளை நீட்டுகிறார், அதில் எழுதினால் கண் போய்விடும்.

இதை மைப்பேனாவில் சுத்தப் பிரதி எடுக்கும் வேலை இன்னும் பாக்கி. அதற்குள் மனசு 2^64 + 1க்குத் தாவிவிட்டது. 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் காரணிகளாக உடைத்தது, 274177 × 67280421310721. அதிலும் இரண்டு 7 பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 7ஆம் மடங்கை எழுதிய கையோடு 11ஐப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி.