காசு கொடுத்துத் துப்பியது

பாரிஸ் வந்து எட்டு மாதம். அலுவலக விருந்துகளில் ஆரஞ்சு ஜூஸோடு ஓரமாக நிற்கிற ஆள் நான். “திராட்சை விளைகிற ஊர்க்காரன்தானே நீ, வா” என்று உடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை இழுத்துப் போனார்கள். மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் போர்தோ. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சேன்த் எமிலியோன், ஒயினுக்குப் பேர்போன ஊர்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு நடக்கிற வழியெல்லாம் கொடிகள். கம்பம் பக்கத்தில் வளர்ந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எங்களுக்குத் திராட்சை என்றால் தலைக்கு மேல் பந்தல், அண்ணாந்து பறிக்க வேண்டும். இங்கே கம்பியில் கட்டிய குட்டைச் செடிகள், பழம் குனிந்தால் கைக்கு வருகிறது. சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிசு, தோல் தடிமன். மெர்லோ ரகமாம். வளர்ந்த கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. அதற்குப் பொதுவாக விதியே இடம் கொடுப்பதில்லை. அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை மழை நீரைப் பிடித்து வைத்துக் கொடுக்கும் என்றார்கள்.

நிலவறையில் ஓக் பீப்பாய்கள். ஒன்று 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். ஒயினைத் தெளிய வைக்க ஒரு பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய வழக்கம் என்று வழிகாட்டி அம்மா சொன்னார். சைவக்காரர்கள் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

அப்புறம்தான் சோதனை: ஒயினை விழுங்காமல் ருசி பார்ப்பது. ஒரு வாய் எடுத்து, காற்றை இழுத்துச் சுழற்றி, அந்த அம்மா பக்கத்திலிருந்த வாளியில் அம்பு மாதிரி துப்பினார். நான்கு பேர் பார்க்கத் துப்புவதா? கூச்சத்தில் முதல் இரண்டையும் விழுங்கினேன். காது சூடாகிவிட்டது. மூன்றாவதைத் துணிந்து துப்பினேன். பாதி வெள்ளைச் சட்டையில். ஆனால் நாக்கில் நின்றதை என்ன சொல்வதென்று நண்பர்கள் தேடிக்கொண்டிருக்க, எனக்குத் தமிழில் உடனே வந்தது: துவர்ப்பு. நாவல்பழம் தின்ற நாக்கு.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். தண்ணீர் பாய்ச்சுவதில்லை என்றதை அவர் நம்பவில்லை.

“வருசத்துக்கு ஒரே பறிப்புத்தானா?”

“ஆமாப்பா. செப்டம்பர், அக்டோபர்ல.”

“குடிச்சியா?”

“துப்பிட்டேன்ப்பா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரி, பழம் கிலோ என்ன வெலைக்குப் போகுதாம்?”