ஒரு குடும்பத்தின் 11.2

மருத்துவமனை ஆய்வகத்தின் உயிர்வேதியியல் பிரிவில், அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பணியில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இயல்பு வரம்பைத் தாண்டிய எண்ணைக் கணினி தானாகவே சிவப்பில் காட்டிவிடும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான அறிக்கைகளைப் பார்க்கிறவனுக்கு அந்தச் சிவப்பு பெரிய உதவி. காலப்போக்கில் சிவப்பு என்றால் நோய், கறுப்பு என்றால் நலம் என்று மனம் தானே பழகிப்போவதும் உண்மை. அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து விலக்கியது ஒரு பள்ளி ஆசிரியையின் கால்சியம்.

அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. களைப்பு என்று சொல்லி மருத்துவரிடம் வந்தவருக்குச் செய்த பொதுப் பரிசோதனையில் ரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 11.2 மில்லிகிராம் என்று வந்தது. எங்கள் ஆய்வகத்தின் வரம்பு 8.5 முதல் 10.5 வரை. ரத்தத்தில் கால்சியத்தைப் பிணைத்து வைக்கும் புரதமான அல்புமின் சரியாக இருந்ததால் அது பொய்யான உயர்வும் இல்லை. ரத்தக் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 58 பிக்கோகிராம். வரம்புக்குள் இருந்ததால் அது கறுப்பிலேயே அச்சாகியிருந்தது. ஆனால் கால்சியம் இவ்வளவு உயர்ந்திருக்கும் உடலில் அந்த ஹார்மோன் அடங்கிப்போயிருக்க வேண்டும். அடங்காமல் சுரக்கிறது என்றால் கழுத்திலுள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்றில் கட்டி இருக்கலாம் என்பதே நாங்கள் படித்த பாடம். அறுவை மருத்துவரும் அவ்வாறே கருதி அறுவைக்கு நாள் குறித்தார்.

அதற்கு முன் வழக்கமாகக் கேட்கப்படும் 24 மணிநேரச் சிறுநீர்ச் சோதனையில் கால்சியம் 62 மில்லிகிராம் மட்டுமே இருந்தது. கட்டியுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு வெளியேறும் என்பதால், சேகரிப்பில் பிழை என்று நான் முடிவுகட்டினேன். எங்கள் அனுபவத்தில் அது அரிதானதும் அல்ல. முதல் நாள் காலைச் சிறுநீரைக் கழித்துவிட்டு அடுத்த நாள் காலைச் சிறுநீரைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்க வரவேற்பு மேசையில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போக எந்த ஆசிரியைதான் விரும்புவார்? "முழுமையற்ற சேகரிப்பாக இருக்கலாம், மீண்டும் அனுப்பவும்" என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன். அதே அறிக்கையில், இரண்டு வரிகள் கீழே, தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின், சிறுநீரில் 1,000 மில்லிகிராம் என்று இருந்தது. அவருடைய உடல் எடைக்கு அது ஒரு முழு நாளின் அளவு. அதாவது அவர் ஒரு சொட்டும் தவறவிடாமல் சேகரித்திருந்தார். அந்த வரியை நான் படிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த இரண்டாவது கேனும் ஏறத்தாழ அதே எண்ணைத் தந்தபோதுதான் தாளை எடுத்துக் கணக்கிட்டேன். சிறுநீர்க் கால்சியத்தை ரத்தக் கிரியேட்டினினால் பெருக்கி, அதை ரத்தக் கால்சியமும் சிறுநீர்க் கிரியேட்டினினும் சேர்ந்த பெருக்கலால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் அது. அவருடைய ரத்தக் கிரியேட்டினின் 0.8; முதல் கேனின் எண்களைக்கொண்டு பார்த்தாலே விடை 0.0044. கட்டியுள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் 0.02க்கு மேல் இருக்கும். 0.01க்குக் கீழே வந்தால், கையில் கத்தியை எடுக்கும் முன் வேறொன்றை நினைக்க வேண்டும். அந்த வேறொன்று ஓர் ஏற்பியின் பிறவிக் குறை.

செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து நிற்கும் புரதங்களின் பெருங்குடும்பம் ஒன்று உண்டு. வெளியே ஒரு மூலக்கூறு வந்து பொருந்தும்போது உள்ளே அவற்றின் வடிவம் மாறி, ஜி-புரதத்தைத் தூண்டிச் செய்தியைச் செல்லுக்குள் அனுப்பும். மனிதனிடம் இத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 800 உள்ளன. அவற்றில் ஏறக்குறைய பாதி மணத்தை அறிவதற்கானவை. ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் சால்பியூட்டமாலும், ரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் அட்டெனலாலும், தும்மலுக்கான செட்டிரிசினும் இந்தக் குடும்பத்தின் ஏதோ ஓர் உறுப்பினரின் மீதுதான் வேலை செய்கின்றன. இராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012இல் வேதியியல் நோபல் கிடைத்ததும் இந்த ஏற்பிகளை ஆராய்ந்ததற்காகவே. கல்லூரியில் அட்ரினலினை வைத்தே இவற்றைப் படித்ததால், ஏற்பி என்றாலே எங்கிருந்தோ வரும் ஹார்மோனுக்காகக் காத்திருப்பது என்ற எண்ணம் எனக்குள் ஊன்றியிருந்தது. வெறும் தாது உப்பு ஒன்றை அளந்துகொண்டே இருப்பதற்கும் இதே குடும்பத்தில் ஓர் ஏற்பி உண்டு என்பது அந்த எண்ணத்துக்குள் அடங்கவில்லை.

கால்சியத்தை உணரும் அந்த ஏற்பியை எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் குழுவினர் 1993இல் இனம் கண்டனர். மாட்டின் பாராதைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் செலுத்தி, எந்தத் துண்டு அந்த முட்டைக்குக் கால்சியத்தை உணரும் திறனைத் தருகிறது என்று தேடிப் பிடித்தார்கள். 1972 முதல் மருத்துவ இதழ்களில் பேசப்பட்டுவந்த, தீங்கற்ற உயர் கால்சியம் கொண்ட குடும்பங்களின் புதிரும் அதே ஆண்டில் அவிழ்ந்தது. அந்தக் குடும்பத்தாரிடம் இந்த ஏற்பியின் மரபணுப் படிகள் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) இரண்டில் ஒன்று பழுதாக இருந்தது. அதனால் பாராதைராய்டு சுரப்பி 11.2ஐ ஏறக்குறைய 9.5 என்று வாசிக்கிறது. போதுமானது என்று கருதி, இயல்பான அளவிலேயே ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகத்திலும் இதே ஏற்பி இருப்பதால் அதுவும் கால்சியம் மிகையாக இருப்பதை உணராமல், கிடைத்ததையெல்லாம் மீட்டு ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. நான் சேகரிப்புப் பிழை என்று எழுதிய 62 மில்லிகிராமின் பொருள் இதுதான்.

அறுவையைத் தள்ளிவைக்குமாறு அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். வைட்டமின் டி குறைவாக இருந்தாலும் சிறுநீர்க் கால்சியம் குறையும். நம் ஊரில் அந்தக் குறைபாடு மிகப் பரவலானது. ஆகவே அதையும் பார்த்துவிடுவோம் என்று அவர் சொன்னது முற்றிலும் நியாயமானது. பார்த்தோம், வைட்டமின் போதுமான அளவு இருந்தது. இதே தோற்றத்தைத் தரக்கூடிய மருந்துகளான தயாசைடு மாத்திரையோ லித்தியமோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் எவரும் கேட்காத கேள்வியை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கேட்டார்: வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? ஆசிரியை சாதாரணமாக விடை சொன்னார்: "அண்ணனுக்கும் இதேதான் டாக்டர். அவருக்கு அப்போதே கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள்."

வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையில், பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணனின் நான்கு சுரப்பிகளில் மூன்றரையை எடுத்திருந்தார்கள். அறுவைக்குப் பின்னும் கால்சியம் 11க்குக் கீழே இறங்கவில்லை. மீதமிருந்த அரைச் சுரப்பியும் அதே பழுதான ஏற்பியைக் கொண்டுதான் கால்சியத்தை அளந்தது, சிறுநீரகத்தையோ யாரும் தொடவில்லை. எண் எப்படி இறங்கும்? அறுவை தோற்றுவிட்டதாகவே அந்தக் குடும்பம் இத்தனை காலம் நம்பியிருந்தது. அந்தக் காலத்தில் கையெழுத்திட்ட என்னைப் போன்ற ஒருவரும் ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன், குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை.

இதே ஏற்பி எதிர்த்திசையிலும் பழுதடையும் என்பதை அடுத்த ஆண்டு ஒரு சிறுவனிடம் கண்டேன். மிகையாக உணரும் ஏற்பி, கால்சியம் 6.9இலேயே போதும் என்று சுரப்பியை அடக்கிவிடும். வலிப்போடு வந்த அவனுக்குக் கால்சியமும், வைட்டமின் டியின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலும் கொடுக்கப்பட்டன. மாதாமாதம் அவனுடைய எண் 8.5ஐ நோக்கி ஏறுவதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம். அவனுடைய சிறுநீரகமோ அந்த எண்ணை ஆபத்தான மிகை என்று வாசித்து, கால்சியத்தை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. பின்னர் எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் சுண்ணப்படிவு தெரிந்தது. வலிப்பு வராத அளவுக்கு மட்டும் கால்சியத்தை வைத்துக்கொண்டு, அறிக்கையில் சிவப்பு இருந்தாலும் இருக்கட்டும் என்று விடுவதே அவனுக்கான மருத்துவம். பெற்றோருக்கு அதைப் புரியவைப்பது கடினமாக இருந்தது. எங்கள் ஆய்வகப் பணியாளர்களுக்கு அதைவிடக் கடினமாக இருந்தது.

ஆசிரியையின் மரபணுச் சோதனை ஏற்பியின் ஒரு படியில் பிறழ்வு இருப்பதை உறுதிசெய்தது. மருந்து தேவையில்லை, அறுவை தேவையில்லை, இந்த விவரத்தை எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பும் நிலையில் இருந்தோம். அப்போது அவர், தம் மகளை அண்ணன் மகனுக்குக் கொடுக்கப் பேசியிருப்பதாகத் தற்செயலாகச் சொன்னார். முறைதான், இரு வீட்டாருக்கும் விருப்பம்தான். ஆனால் அந்த இருவருக்கும் இந்தப் பிறழ்வு வந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு படிகளும் பழுதாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குக் கால்சியம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறும், எலும்புகள் கரையும், பச்சிளம் பருவத்திலேயே நான்கு சுரப்பிகளையும் அகற்ற வேண்டி வரலாம். தீங்கற்றது என்று ஒரு மணிநேரம் முன்பு சொன்ன மருத்துவர், அதே நாற்காலியில் இருந்து இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு குழாய்கள் வந்தன. அந்த இரண்டையும் கருவியில் நானே ஏற்றினேன், அது என் வேலை இல்லையென்றாலும். அண்ணன் மகனுக்கு 11.0, ஆசிரியையின் மகளுக்கு 9.4. குடும்பத்தின் பிறழ்வு மகளிடம் இல்லை என்பதை மரபணுச் சோதனையும் சில வாரங்களில் உறுதிப்படுத்தியது. திருமணப் பத்திரிகை ஆய்வகத்துக்கே வந்தது. அண்ணன் மகனுடைய அறிக்கையில் அந்த 11.0 இன்றும் சிவப்பில்தான் அச்சாகிறது. அதன் கீழே, இது இவருடைய ஏற்பியின் இயல்பு அளவு, அறுவை கூடாது என்று கையால் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.