இடி ஓய்ந்த பிறகு வரும் வேலை

விமான நிலைய வானிலைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இலையுதிர் காலம் ஒரு தனி ரகம். கோடையில் இடிமழை எங்கே கிளம்பும் என்று சொல்வது கடினம். மதியம் ஏதோ ஒரு மேகம் ஓங்கி வளரும், கொட்டும், ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விடும். இலையுதிர் காலக் குளிர் முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, அப்படி ஒளிந்து வருவதில்லை. பல நாள் முன்பே கணினி மாதிரிகளில் தெரிந்துவிடும். துருவப் பக்கம் வெயில் குறைந்து காற்று வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். கடலோ கோடையின் சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும். இரண்டுக்கும் இடையே வெப்ப வேறுபாடு கூடக் கூட, மேலே ஜெட் காற்றோட்டம் என்கிற, உயரத்தில் வேகமாக ஓடும் காற்றும் வலுக்கிறது. குளிர்காற்று கனமானது என்பதால், வெதுவெதுப்பான ஈரக்காற்றின் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதை மேலே தூக்கிவிடுகிறது. அப்புறம் மேகம், இடி, மழை. புயல் மண்டலத்துக்குள் குளிர் முகப்பும் வெப்ப முகப்பும் (முன்னேறும் வெதுவெதுப்பான காற்றின் விளிம்பு) எப்படி அமைந்திருக்கின்றன என்பதை 1919-இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கிக் காட்டியவர் நார்வேயின் பெர்கன் நகரில் வேலை பார்த்த ஜேக்கப் பியர்க்னெஸ். அப்போது அவருக்கு வயது 21. இன்றும் நாங்கள் வரைபடத்தில் குளிர் முகப்பை நீல முக்கோணங்களோடு வரையும்போது, அடிப்படை அவர் காட்டியதுதான்.

அதனால் முகப்பு வருமா வராதா என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கிறார்கள். அதிலும் ஆளுக்கு ஒரு மணி வேண்டும். மின்னல் பக்கத்தில் வந்தால் எரிபொருள் நிரப்புவதையும் பெட்டி ஏற்றுவதையும் நிறுத்த வேண்டும் என்பதால், தரைப்பணிக்காரர்களுக்கு முதல் மின்னல் எப்போது என்பது முக்கியம். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் காற்று எப்போது திரும்பும் என்று தெரிய வேண்டும், ஓடுபாதையின் திசையை மாற்றுவதற்கு. கூடுதல் எரிபொருள் போடலாமா என்பது விமான நிறுவனங்களின் கவலை. இத்தனை பேருக்கும் சேர்த்து டாஃப் என்கிற முன்னறிவிப்பில் எங்களுக்குக் கிடைப்பது சில வரிகள். 'டெம்போ' என்று போட்டால், அந்த நிலை ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவே நீடிக்கும், மொத்தத்தில் குறித்த நேரத்தின் பாதியைத் தாண்டாது என்று பொருள். நிகழ்தகவு எழுத வேண்டுமானால் 30 அல்லது 40 சதவீதம், அவ்வளவுதான். 50 என்று தோன்றினால் அதை நிகழ்தகவாகவே எழுதக் கூடாது, வேறு விதமாகத்தான் சொல்ல வேண்டும். வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். பாதிக்குப் பாதி என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ள வழியே இல்லை.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும், மற்றவர்கள் பொறுமை இழக்கும் பகுதியும் ஒன்றுதான்: முதல் இடிமழை கடந்த அடுத்த சில மணி நேரம். பலத்த இடிமேகத் தொடர் பெரும்பாலும் முகப்போடு ஒட்டி வருவதில்லை. முகப்புக்கு வெகு முன்னால், சில சமயம் 200 கிலோமீட்டருக்கும் மேல் முன்னால், தனி வரிசையாக ஓடி வரும். அது கொட்டிவிட்டுப் போனதும் தொலைபேசி அடிக்க ஆரம்பிக்கும். "முடிஞ்சுதா?" வெளியே பார்த்தால் முடிந்த மாதிரிதான் இருக்கும். மழை நின்றிருக்கும், வெப்பமானியும் சட்டென்று இறங்கியிருக்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சி மழை ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டதால் வந்தது. துருவக் காற்று இன்னும் வந்து சேரவில்லை. வெப்பநிலையை மட்டும் பார்த்து முகப்பு கடந்துவிட்டது என்று சொல்வதை நான் நம்புவதே இல்லை.

நான் பார்ப்பது பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையை. மழைக்குப் பிறகும் காற்றில் ஈரம் அதிகமாக இருந்து பனிநிலை இறங்காமல் நின்றால், நாம் இன்னும் பழைய காற்றுக்குள்தான் இருக்கிறோம். அடுத்தது அழுத்தம். முகப்பு நெருங்கும்வரை இறங்கிக்கொண்டே வரும், கடந்ததும் விறுவிறுவென்று ஏறும். மூன்றாவது காற்றின் திசை. வடகோளத்தில் தெற்கு, தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று வடமேற்குக்குத் திரும்ப வேண்டும். தென்கோளத்தில் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்கு. மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் நான் தொலைபேசியில் "ஆமாம்" என்பேன். அதுவரை "இன்னும் இல்லை" என்றுதான் பதில். இதைக் கேட்டு அலுத்துக்கொண்டவர்கள் நிறைய பேர்.

அழுத்தம் இறங்குவதும் ஏறுவதும் எங்களுக்கு வெறும் அடையாளம் இல்லை. விமானத்தின் உயரமானி அழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிடுகிறது. கடல் மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) மாறினால் உயரக் கணக்கில் ஏறத்தாழ 27 அடி மாறும். முகப்புக்கு முன்னால் அழுத்தம் இறங்கும் நேரத்தில், உயரமானியில் பழைய அழுத்த அளவையே வைத்துக்கொண்டு இறங்கும் விமானம், உயரமானி காட்டுவதைவிடத் தாழ்வாகப் பறக்கிறது. 10 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் என்றால் 270 அடி. மேகம் தாழ்ந்து கிடக்கும் நாளில் அது சின்ன விஷயமில்லை. அதனால்தான் மெட்டார் என்கிற, குறித்த நேரத்தில் வரும் வழக்கமான வானிலை அறிக்கைக்குக் காத்திராமல், நடுவிலேயே சிறப்பு அறிக்கைகள் கிளம்பிக்கொண்டிருக்கும்.

முகப்பு உண்மையில் கடந்த பிறகு வருவது பலத்த வடமேற்குக் காற்று. ஓடுபாதை அதற்கு நேராக இருந்தால் சரி. இல்லாவிட்டால் பக்கக்காற்று. மழையில் ஒழுங்காக இறங்கிய விமானங்கள், வானம் வெளுத்த பிறகு இறங்க முடியாமல் மீண்டும் மேலெழும்பிச் சுற்றி வருவதைப் பயணிகள் புரிந்துகொள்வது கஷ்டம். வெயில் அடிக்கிறதே, என்ன தாமதம் என்பார்கள். நியாயமான கேள்விதான்.

மறுநாள் மாலை காற்று அடங்கும். தூசும் ஈரமும் இல்லாத துருவக் காற்றில் தொடுவானம்வரை துல்லியமாகத் தெரியும். எல்லோரும் நல்ல வானிலை என்பார்கள், நானும் ரசிப்பேன். ஆனால் மேகம் இல்லாத, காற்று நின்ற, நீண்ட இலையுதிர்கால இரவில் தரையின் சூடு முழுக்க வானத்துக்குப் போய்விடும். மழையில் நனைந்த தரை காயாமல் இருந்தால் அதிகாலையில் மூடுபனி. காய்ந்திருந்தால் பருவத்தின் முதல் உறைபனி. காற்று நிற்காமல் வீசிக்கொண்டே இருந்தால் இரண்டுமே இல்லாமல் போகலாம். அதனால் அன்று இரவு முழுக்க நான் கவனிப்பது காற்றின் வேகம் எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) என்பதைத்தான்.

இறக்கையில் படிந்த உறைபனியோடு விமானம் மேலெழும்பக் கூடாது. மெல்லிய படிவுகூட இறக்கையின் தூக்குவிசையைக் குறைத்துவிடும். உயரத்தில் பறந்துவிட்டு வந்து நிற்கும் விமானத்தின் இறக்கையில் எரிபொருள் சில்லிட்டிருந்தால், காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே இருந்தாலும் இறக்கையில் பனி பிடிக்கும். பனிநீக்கும் வண்டிகளோ வசந்தத்துக்குப் பிறகு வேலையில்லாமல் ஓரமாக நிற்பவை. திரவம் நிரப்ப வேண்டும், ஆட்களைக் கூப்பிட வேண்டும்.

அதனால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கும் குறிப்பில், போன இடியைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதியெல்லாம் உறைபனி பற்றித்தான்: எந்த மணியிலிருந்து எதிர்பார்க்கலாம், காற்று எவ்வளவுக்குக் கீழே இறங்கினால், பனிநீக்கும் பிரிவுக்குச் சொல்லியாயிற்றா. இரவே சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக இருப்பார்கள். காலையில் சொன்னால் முதல் விமானத்துக்குப் பின்னால் வரிசை நிற்கும்.